அடியில் இருந்த தெரு

அந்தத் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரிடம் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "அடுத்த ரோட்டுக்கும் சேத்து ஏத்திக் கட்டுங்க."

அடுத்த ரோடு என்பது இன்னும் போடாத ரோடு. ஆனால் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். குழி விழுந்தால் பழையதன் தலையிலேயே புதியதைக் கொட்டி உருட்டிவிட்டுப் போவார்கள். தெரு ஒரு சாண் உயரும். அதை முன்கூட்டியே நினைத்து வீட்டுக்காரர்கள் வாசலை இரண்டு சாண் தூக்கிக் கட்டுவார்கள். வாசலெல்லாம் உயரமாகத்தானே இருக்கிறது என்று அடுத்த தடவை இன்னும் தைரியமாகக் கொட்டுவார்கள். இப்படித் தெருவும் வீடுகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தன. யார் முதலில் ஓட ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

இந்த ஓட்டத்தில் சேராத வீடு ஒன்றே ஒன்று, தையலம்மாவின் வீடு. ஒரு காலத்தில் படி ஏறிப் போன வீடு. இப்போது படி இறங்கிப் போக வேண்டும். மழைத் தண்ணீர் உள்ளே பாயாமலிருக்க நிலைப்படிக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். அப்படியும் தண்ணீர் வரும். அதனால் தையல் மெஷினின் நான்கு கால்களும் செங்கல்மேல் நின்றன. அதற்கு ஈடாக அவள் உட்காரும் ஸ்டூலுக்குக் கீழேயும் செங்கல்.

அவள் கணவர் பஸ் ஓட்டியவர். டிரைவர் என்றுதான் தெருவே கூப்பிடும். ஊர் ஊராகச் சுற்றின மனிதர், ஒரு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். தடுப்புச் சுவரையும் படிகளையும் தாண்டி அவரை வெளியே கொண்டுவர நாற்காலியோடு இரண்டு பேர் தூக்க வேண்டும். ஜன்னல் வழியாக அவருக்குத் தெரிந்த உலகம், முழங்காலுக்குக் கீழே இருக்கும் உலகம்.

"புதுச் செருப்பு ஒண்ணு வந்து நிக்குது" என்றார் அன்று காலை.

தையலம்மா மெஷினை நிறுத்தவில்லை. "யாரு?"

"தெரியல. பொம்பளை. கோடு போட்ட கம்பு ஒண்ணை ஊணிட்டு நிக்குது. பக்கத்துல நம்ம அண்ணன். ஏதோ பெருமையாப் பேசிட்டிருக்காரு."

"பேச்சு உங்களுக்கு இங்க கேக்குதாக்கும்?"

"கேக்கவே வேண்டாம். பெருமை பேசுனா அவருக்கு வலது குதிகால் தூக்கும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

அண்ணன் பக்கத்து வீடு. ஒரே வீடாக இருந்ததுதான். அப்பா போன பிறகு நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தன் பாதியை இடித்து உயர்த்திக் கட்டினார். தெருவில் அவருக்கு மேட்டுவீட்டார் என்று பெயர் வந்தது. தெருக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அவர் வாசலில் விழுந்த மழை அவர் போட்ட சரிவில் வழுக்கி நேராகத் தம்பி வீட்டைப் பார்த்து வரும்.

தையலம்மா கழுத்தில் தொங்கிய டேப்போடு படியேறி வந்தாள்.

"வாம்மா" என்றார் மேட்டுவீட்டார். "நம்ம தெருவுக்கு ரோடு வந்தாச்சு. இவங்கதான் இன்ஜினியர். மழைக்கு முன்னால போட்டுடுவாங்களாம்."

"ஏத்தித்தான் போடுவீங்களா?" என்று அவள் இன்ஜினியரைப் பார்த்துக் கேட்டாள்.

அந்தப் பெண் குனிந்து தடுப்புச் சுவரைப் பார்த்தாள். பிறகு படிகளை, பிறகு ஜன்னலில் தெரிந்த டிரைவரின் முகத்தை. "உள்ள தண்ணி எது வரைக்கும் வருது?"

"மெஷின் பெடல் வரைக்கும்."

"பெடலையும் தாண்டி ஒரு தடவை வந்துச்சு" என்றார் டிரைவர் ஜன்னலிலிருந்து. "அன்னிக்கு நான் ரிவர்ஸ் எடுத்துட்டேன்."

"இன்னொரு தடவை ஏத்துனா நாங்க வீட்டைக் காலி பண்றதுதான்மா" என்றாள் தையலம்மா. அவள் குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. துணி போதுமா போதாதா என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற குரல்.

இன்ஜினியர் கம்பைச் சுவரில் சாய்த்தாள். "இன்னொரு வழி இருக்கு. ஆனா அதைத் தெருவே சேர்ந்து சொல்லணும்."

தெரு சேர்ந்தது, மேட்டுவீட்டாரின் கூடத்தில். நாற்காலி போதாமல் சோபாவின் கைப்பிடியில் எதிர்வீட்டுச் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். மேட்டுவீட்டாரின் மனைவியைத் தையலம்மா அக்கா என்பாள். அக்கா டீ கொடுத்துக்கொண்டே ஒவ்வொருவர் கால் தூசியையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல ஒதுக்கின பணம், பழைய ரோட்டுக்கு மேல இன்னொரு அடுக்கு போடத்தான் போதும்" என்றாள் இன்ஜினியர். "அப்படியே போட்டா தெரு இன்னும் உயரும். இல்லன்னா பழசெல்லாம் சுரண்டி எடுத்து, தெருவைக் கீழ இறக்கி, முன்னால இருந்த மட்டத்துல போடலாம். அதுக்கு ஆகுற கூடுதல் செலவுல பாதியை ஆபீஸ்ல கேட்டு வாங்கறேன். மிச்சப் பாதி தெரு போடணும், அவங்கவங்க வாசல் அகலத்துக்குத் தக்கபடி."

"அப்ப எனக்குக் கொஞ்சம்தான்" என்றார் சலூன்காரர். "என் கடைக்குள்ள ஒருத்தர் தலையைத் திருப்பினா இன்னொருத்தர் மூக்கு இடிக்கும்."

"அதிகச் செலவு எதுல வருது?" என்று ஒருவர் கேட்டார்.

"வடிகால்ல. தெருவை இறக்கினா தண்ணி போக வழி வேணும். இங்கேர்ந்து பெரிய கால்வாய் வரைக்கும் புதுசாக் கட்டணும். அதுதான் கழுத்தைப் பிடிக்கிற செலவு. இன்னொண்ணு, எல்லா வீடும் சம்மதிக்கணும். ஒரு வாசல் சரிவு மட்டும் தெருவுக்குள்ள நீட்டிட்டு நின்னா மொத்தமும் கெட்டுடும்."

யாரும் மேட்டுவீட்டாரைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்கு எல்லோரும் பட்ட பாடு நன்றாகத் தெரிந்தது.

"போன வருஷம்தான் கேட்டுக்கு முன்னால சரிவு போட்டேன்" என்றார் அவர். "அடுத்த ரோட்டுக்கும் சேத்து. இப்ப தெருவை இறக்குறேன்னா என் கார் என்ன, ஆகாசத்துலேர்ந்து குதிக்கணுமா?"

"குதிங்கண்ணே. நாங்க கைதட்டறோம்" என்றார் சலூன்காரர்.

"சிரிக்காதப்பா. அவங்களுக்காகத் தெருவே பள்ளத்துல இறங்கணுமா? எத்தனை தடவை சொல்லிட்டேன் தம்பிகிட்ட, இடிச்சிட்டு ஏத்திக் கட்டுடான்னு."

"எதை வச்சு மாமா கட்டறது?" என்றாள் தையலம்மா வாசற்பக்கத்திலிருந்து. "ஊசியை வச்சா?"

அக்காவின் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின.

இன்ஜினியர்தான் பேசினாள். "இப்ப யாரும் சரின்னும் சொல்ல வேண்டாம், இல்லன்னும் சொல்ல வேண்டாம். அடியில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. தெரியாம நான் சொல்ற செலவும் ஊகம்தான். ஒரு இடத்துல குழி வெட்டிப் பார்த்துடலாம்."

"என் வாசல்ல வேண்டாம்" என்றார் மேட்டுவீட்டார் உடனே.

"எங்க வாசல்ல வெட்டுங்க" என்றாள் தையலம்மா. "இருக்குற பள்ளத்துக்கு இன்னொரு பள்ளம்."

மறுநாள் அறுக்கும் மெஷின் வந்தது. தெருவில் கட்டம் போட்டு நான்கு பக்கமும் அறுத்து, நடுவை இடித்து அள்ளினார்கள். முதலில் எல்லோரும் தூசியைத் திட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்கள். சத்தம் நின்றதும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் திரும்பிப் போகவில்லை.

குழியின் சுவர் கத்தியால் வெட்டிய மாதிரி வழவழவென்று நின்றது. மேலே கறுப்பாகத் தார். அதன் கீழ் சாம்பல் ஜல்லி. மறுபடி தார். செங்கல் தூள் கலந்த சிவப்புப் பட்டை ஒன்று. மறுபடி தார், மெல்லிசாக, புடவைக் கரைபோல. இன்னும் கீழே மஞ்சள் மண், அதற்கும் கீழே வேறொரு கறுப்பு. இத்தனை ரோடுகளின் மேலும் இவர்கள் நடந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் புது ரோடு என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தச் சிவப்பு" என்றாள் அக்கா, குழி விளிம்பில் புடவையை இடுக்கிக்கொண்டு. "என் பெரியவ வயித்துல இருக்கும்போது போட்டது. அந்தத் தூசியில நான் இருமின இருமல் இன்னும் நெஞ்சுல இருக்கு."

"மெல்லிசாத் தெரியுதே, அது நான் கடை திறந்தப்ப போட்டது" என்றார் சலூன்காரர். "ஒரே மழையில போச்சு. போட்டவன் நம்மகிட்டதான் ஷேவிங் பண்ணிக்கிட்டான். தெரிஞ்சிருந்தா ஒரு கன்னத்தோட விட்டிருப்பேன்." பிறகு திடீரென்று குனிந்தார். "இரு இரு. அது என்னது?"

மஞ்சள் மண்ணுக்கு மேலே, தாரில் பாதி அமுங்கி, பல் உடைந்த ஒரு சீப்பு.

"எங்கப்பா சீப்பு!"

"உங்கப்பாவுதுன்னு எப்படித் தெரியும்?"

"இந்தத் தெருவுல வேற யாருக்குய்யா சீப்பைத் தூக்கி எறியற அளவுக்குக் கோவம் வரும்?"

சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு குழிக்குள் இறங்கியதும் அடங்கிப்போனது. கோயில் கருவறை முன்னால் நிற்கும்போது குரல் தானாகத் தணியுமே, அப்படி. கட்டிடம் இடிவதைப் பார்த்திருக்கிறார்கள், எழும்புவதையும் பார்த்திருக்கிறார்கள். தாங்கள் வாழ்ந்த காலமே இப்படி அடுக்கடுக்காக, அசையாமல் காலுக்கடியில் படுத்திருந்ததை அன்றுதான் பார்த்தார்கள்.

ஆட்கள் இன்னும் கொஞ்சம் அள்ளினார்கள். கடப்பாரை 'டங்' என்றது.

"நிறுத்துங்க" என்றாள் இன்ஜினியர். தானே இறங்கி, கையால் மண்ணைத் தள்ளினாள்.

அடியில் கல். கொட்டிய கல் அல்ல, செதுக்கிப் பதித்த கல். ஒன்றின் தோளோடு ஒன்று சேர்ந்து, நடுவில் ஒரு ஊசி நுழைய இடமில்லாமல். தையலம்மா குனிந்து அந்த இணைப்புகளைப் பார்த்தாள். தையல் பிரியாத துணியைப் பார்க்கிற பார்வை அது.

"யாரும்மா வச்சிருப்பாங்க?" என்றாள்.

"தெரியலைங்க. எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது." இன்ஜினியர் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தாள். "மேல இத்தனை லாரி போயிருக்கு. ஒரு கல்லுகூட அசையல. நாங்க போட்டதெல்லாம்தான் உடைஞ்சிருக்கு."

வீட்டுப் பக்கத்து ஓரத்தில் கல் கொஞ்சம் அகலப் பலகையாக மாறியது. அதன் மேலே, தையலம்மா வீட்டின் சுவரோடு சேர்ந்து, மண் அப்பிய மூன்று படிகள் மேல்நோக்கிப் போயின. ஏறிப் போன வீட்டின் படிகள்.

"என்னம்மா, எல்லாரும் வாயடைச்சு நிக்கிறீங்க?" ஜன்னலிலிருந்து டிரைவரின் குரல். "எனக்குக் காலுதான் தெரியுது. ஒரு காலும் நகரல. யாராவது சொல்லுங்கப்பா."

"நம்ம படிங்க" என்றாள் தையலம்மா. "படியெல்லாம் அப்படியே இருக்கு."

இன்ஜினியர் அகலக் கல்லின் ஓரத்தில் கடப்பாரையை நெம்பச் சொன்னாள். கல் முனகிக்கொண்டு எழுந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"எல்லாரும் பேசாம இருங்க."

பேசாமல் இருந்தார்கள். தண்ணீர். கீழே, இத்தனை தாருக்கும் ஜல்லிக்கும் அடியில், யாருக்கும் சொல்லாமல், தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. டார்ச் அடித்தபோது கல் தொட்டிபோல ஒரு வடிகாலும், அதன் அடியில் கண்ணாடிபோல ஓடும் நீரும் தெரிந்தன.

"இவ்வளவு நாளா ஓடிட்டா இருந்துச்சு?" என்றாள் அக்கா ரகசியம் போல.

"ஓடிட்டேதான் இருந்திருக்கு. மேலேர்ந்து தண்ணி இறங்குற வாயையெல்லாம் ரோடு போட்டுப் போட்டு நாம மூடிட்டோம். அதான் இவங்க வீட்டுக்குள்ள போயிருக்கு. ஆனா இது எங்க போகுது? கால்வாய் வரைக்கும் போகுதா, நடுவுல எங்கயாவது செத்துப்போச்சா? அது தெரியணும். தண்ணிக்கு நிறம் குடுக்குற மாதிரி யார்கிட்டயாவது ஏதாவது இருக்கா?"

தையலம்மா உள்ளே போய் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். "முழுசும் ஊத்தட்டுமா?"

"ஊத்துங்க."

அவள் அடிப்படியில் இறங்கி மண்டியிட்டு ஊற்றினாள். நீலம் சுருண்டு, விரிந்து, நீண்டு, இருட்டுக்குள் போய்விட்டது. சலூன்காரர் கடையைத் திறந்தது திறந்தபடி விட்டு, நாற்காலியில் சோப்பு நுரையோடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு, தெருக்கோடிக் கால்வாய்க்கு ஓடினார். இன்ஜினியர் அவரைச் செல்போனில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கால்வாய்ச் சுவர்ல ஏதாவது ஓட்டை தெரியுதா?"

"ஒரே செடியும் கொடியுமா இருக்கும்மா. ஓட்டையைக் காணோம்."

"செடியை விலக்கிப் பாருங்க."

"வேட்டியெல்லாம் முள்ளு... இரு. இருக்கு! கல்லுல வாய் ஒண்ணு இருக்கு. தண்ணி சொட்டுது. வெள்ளைத் தண்ணிதான்."

காத்திருந்தார்கள். தையலம்மா காலிப் பாட்டிலை நெஞ்சோடு பிடித்திருந்தாள். போகிற வழியில் அந்த நீலம் யார் யார் வாசலுக்கு அடியில், எந்தெந்த ரோட்டுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டாள். இது பாதி வழியில் நின்றால் தன் வீடும் அங்கேயே நின்றது என்று அவளுக்குத் தெரியும்.

"வெள்ளைதான்" என்றது போன். "வெள்ளைதான்மா... வெள்ளை..." பிறகு பேச்சே இல்லை.

"என்ன ஆச்சு? அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நீலமா வருது. அம்மா, ஆகாசம் மாதிரி வருதும்மா."

யாரும் கைதட்டவில்லை. இன்ஜினியர் மட்டும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடி ஒரு தடவை தேய்த்துக்கொண்டாள். முகத்தில் சேறு கோடு கோடாக ஒட்டியது. "புது வடிகால் வேண்டாம்" என்றாள். "இதைத் தூர் எடுத்து, வாயைத் திறந்துவிட்டா போதும். பெரிய செலவே அடிபட்டுப் போச்சு."

இப்போது எல்லோரும் மேட்டுவீட்டாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அங்கே இல்லை. குழிக்குள் இறங்கியிருந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கல்லின்மேல் குந்தி உட்கார்ந்திருந்தார். இந்தத் தெருவில் முதல் தார் போட்டபோது சிறுவனான அவர் நின்றால் இருந்த உயரம், இப்போது குந்தினால் இருக்கிற உயரம்தான். அங்கிருந்து அவர் தலையைத் தூக்கித் தம்பியின் வீட்டைப் பார்த்தார். படிகள். படிகளுக்கு மேலே நிலை. நிலைக்கு மேலே, மூலையில் காரை உதிர்ந்து நிற்கும் பழைய சுவர்.

"டேய்" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"இங்கேர்ந்து பாத்தா உன் வீடு உசரமா இருக்குடா."

டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அது உசரமாத்தான்ணே இருந்துச்சு. அப்பா அப்படித்தான் கட்டினாரு. நாமதான் சுத்தி மேட்டை ஏத்திட்டோம்."

"நாமன்னு ஏன் சொல்ற? நான்னு சொல்லு."

"உங்களை நான் எப்படிண்ணே சொல்றது? நீங்க மூத்தவரு. அண்ணி வேணா சொல்லட்டும்."

"நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுதான் மிச்சம்" என்றாள் அக்கா மேலிருந்து.

மேட்டுவீட்டார் மெதுவாகத் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். சரிவு, கேட், அதற்கு மேலே வாசல், அதற்கும் மேலே பால்கனி. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தார். "அடேயப்பா" என்றார். "எங்கடா போயிட்டேன் நான்?"

யாரும் சிரிக்கவில்லை. அவரே ஒரு கையை மேலே நீட்டினார். இன்ஜினியர் பிடித்துத் தூக்கினாள். வேட்டியைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "ஏம்மா, அந்தக் கம்பை எடுத்துட்டு வா" என்றார். "தெருவை இறக்கினா என் வாசலுக்கு எத்தனை படி வேணும்னு அளந்து சொல்லு."

"கார்?" என்று கேட்டார் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்த சலூன்காரர்.

"கார் தெருவுல நிக்கும். காக்கா எச்சம் போடும். போ, உன் கடையில ஒருத்தன் நுரையோட காய்ஞ்சுட்டிருக்கான்."

அவர் சரி என்றதும் மற்ற வீடுகள் தாங்களும் முதலிலிருந்தே அந்தப் பக்கம்தான் என்றன. பங்கு போடும் நாளில் மேட்டுவீட்டார் தம்பியின் பங்கையும் சேர்த்து எடுத்து வைத்தார். தையலம்மா அதைப் பிரித்து அவர் பக்கமே நகர்த்தினாள்.

"எங்களுது எங்ககிட்ட இருக்கு மாமா. பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் வந்துச்சு."

"நான் குடுத்தா வாங்க மாட்டியா?"

"இவ்வளவு நாளா தண்ணி குடுத்தீங்க. அதுவே போதும்."

அவர் ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு வலது குதிகாலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு சிரித்தார்.

வேலை நடந்தபோது தெரு முழுதும் வீட்டு வாசல்களில்தான் இருந்தது. பழைய ரோடுகளைச் சுரண்டி, அங்கேயே அரைத்து, அதையே கல்லுக்கு மேலே மெத்தைபோலப் பரப்பி, மேலே மெல்லிய ஒரு அடுக்கு போட்டார்கள். தெரு இறங்க இறங்க, தையலம்மாவின் வீடு எழுந்தது. தினமும் கொஞ்சம். காலையில் கதவைத் திறந்தால், தூங்கும்போது யாரோ வீட்டைத் தூக்கிவிட்டுப் போனதுபோல இருக்கும். தடுப்புச் சுவரை இடித்து, படிகளின் ஒரு பக்கமாக நாற்காலிக்கு ஒரு சரிவு போட்டுக் கொடுத்தாள் இன்ஜினியர்.

"இப்ப யார் வர்றது?" என்று தையலம்மா கேட்டால் டிரைவர் திணறினார். "முகம் தெரியுதுடி. முகத்தை வச்சுக் கண்டுபிடிக்கப் பழக்கமில்ல. காலைக் காட்டச் சொல்லு."

முதல் மழை ஒரு மதியம் வந்தது. சட்டென்று இருட்டி, ஒரேயடியாகக் கொட்டியது. தையலம்மா பழக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த துணியை வாரி எடுத்து, அலமாரியின் மேல்தட்டில் எறிந்து, மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கப் போனாள்.

"என்ன பண்ற நீ?"

"மழைங்க."

"மழைதான். இங்க வந்து பாரு."

நாற்காலி ஜன்னலோரத்தில் இல்லை. வாசலில் இருந்தது. அவள் ஈரக் காற்றில் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை மேட்டுவீட்டுப் படிகளில் குதித்துக் குதித்து இறங்கியது. அங்கே அண்ணன் குடையோடு நின்று, தன் வாசல் தண்ணீர் எங்கே போகிறது என்று முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே சலூன்காரரும், அவர் பின்னால் பாதி முடி வெட்டிய ஒருவரும். தெருவின் எல்லாத் தண்ணீரும் ஓரத்துக்கு வந்து, கல் வாய்களுக்குள் தலை குனிந்து நுழைந்து, காணாமல் போயிற்று. கீழிருந்து அந்தப் பழைய சத்தம், இப்போது பெரிதாக, தெரு நீளத்துக்கும் கேட்டது.

முதல் படி நனைந்தது. இரண்டாம் படியில் சாரல் மட்டும். அவள் மூன்றாம் படியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது காய்ந்திருந்தது.

மழை விட்ட பிறகும் அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போய், மெஷினை ஒவ்வொரு காலாகத் தூக்கிச் செங்கற்களை உருவினாள். மெஷின் தரையில் உட்கார்ந்தது. அவள் பழைய ஸ்டூலில் போய் உட்கார்ந்தபோது முழங்கால் மேஜையில் இடித்தது. பெடல் எங்கோ கீழே கிடந்தது.

"என்ன சத்தம்?" என்றார் டிரைவர் வாசலிலிருந்து.

"நான்தாங்க. ஸ்டூல் உசரமாப் போச்சு." அவள் எழுந்து ஸ்டூலைச் சாய்த்து, அதன் கீழிருந்த செங்கற்களையும் எடுத்தாள்.